காடி வெட்டிய செம்புக் குண்டுகள்

அன்று காலை பிளாரன்ஸுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசலுக்கு வந்தாள். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டும் அவள் கணவன் மனுவேல் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தான். கண்ணைத் திறக்காமலே, "ஏளா, சுடப் போறது அந்தப் பிள்ள. நீ எதுக்கு இந்தப் பாடு படுத?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விக்குப் பதில் சொல்கிற மனநிலையில் அவள் இல்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தப் பிள்ளை என்று மனுவேல் சொன்னது முத்துச்செல்வியை. கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. நாசரேத்துக்கு அப்பால் செம்மணல் தேரிக்காட்டில் புதிதாகத் திறந்திருக்கும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இன்றைக்கு மாநில அணிக்கான தேர்வு. முன்னூறு மீட்டர் தூரத்துக் குறி. போன இரண்டு வருஷமும் அணியில் அவளுக்கு இடம் மயிரிழையில் கைவிட்டுப் போயிருந்தது. துப்பாக்கி முத்துச்செல்வியுடையது. அதில் போடுகிற ஒவ்வொரு தோட்டாவும் பிளாரன்ஸ் கையால் வெடிமருந்து அளந்து, குண்டை அழுத்திச் செய்தது. துறைமுகத்து கிளியரிங் ஆபீசில் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் போடுவது பிளாரன்ஸின் பிழைப்பு. ரைபிள் கிளப்பில் தோட்டா போடுவது அவள் கிறுக்கு. கடையில் வாங்குகிற தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. இது இந்த ஒரு துப்பாக்கிக்கென்று அளந்து தைத்த சட்டை.

இந்தத் தடவை குண்டு புதிது. தேரி மணலில் ஈயம் விழக்கூடாது, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகும் என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் பிடிவாதமாக நின்றுவிட்டார்கள். ரேஞ்சுக்காரர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஆகவே எல்லோரும் முழுச் செம்புக் குண்டுக்கு மாற வேண்டியதாயிற்று. செம்புக்கு ஒரு குணம் உண்டு. ஈயம் குழலுக்குள் நெருக்கினால் வளைந்து கொடுக்கும். செம்பு கொடுக்காது, இறுகிக்கொண்டு நிற்கும். அதனால்தான் குண்டின் இடுப்பைச் சுற்றி வளையம் வளையமாகப் பள்ளம் எடுத்துக் காடி வெட்டியிருப்பார்கள். நெருக்குகிறபோது செம்பு பிதுங்கி அந்தக் காடிக்குள் போகும், அழுத்தம் குறையும். அப்படியும் மருந்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் போட வேண்டும். காடி இருக்கிறதே என்று கையைத் தாராளமாக விட்டால் செம்பு மன்னிக்காது.

கிளப் பெயரில் அனுமதி வாங்கி வரவழைத்த குண்டுகள் துறைமுகத்தில் சுங்கத்தாரிடம் மாட்டிக்கொண்டு கிடந்து, ஆயுத பூசைக்கு முந்தின நாள்தான் வெளியே வந்தன. பத்திரம் போடுகிறவளுக்கே இந்தக் கதி என்று ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். பூசை அன்று மத்தியானம் கிளப்பின் ஆயுத அறையில் உட்கார்ந்து பிளாரன்ஸ் முழுப் பெட்டிக்கும் தோட்டா போட்டு முடித்தாள். மறுநாளே முத்துச்செல்வி பெட்டியை வாங்கிக்கொண்டு நாசரேத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஸ்கூட்டரில் அவள் கிளப்புக்கு வந்து சேர்ந்தபோது செந்தூர்பாண்டி அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிளப்பின் செயலாளர், முத்துச்செல்வியின் அப்பா, பெரிய பலசரக்குக் கடைக்காரர். பேப்பர் தலைகீழாக இல்லை என்பதைத் தவிர அவர் அதைப் படிப்பதற்கு வேறு அடையாளம் ஒன்றும் இல்லை.

"நீங்க போகலயா அண்ணாச்சி?"

"நான் அங்கன நின்னா அவளுக்குக் கை நடுங்குமாம். வரக்கூடாதுன்னு சொல்லிட்டா." அவர் பேப்பரை மடித்தார். "நீ எதுக்கும்மா வந்த?"

"அறைய ஒதுக்கலாம்னு வந்தேன். அன்னைக்கு அப்படியே போட்டுட்டுப் போயிட்டேன்."

அவர் அறையைத் திறந்துவிட்டார். இன்னும் கற்பூர வாசனை போகவில்லை. குண்டு அழுத்துகிற பிரஸ்ஸில், துப்பாக்கி நிறுத்துகிற சட்டத்தில், இரும்புப் பிடியில், எங்கு பார்த்தாலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பூசை அன்று பாதித் தோட்டா போட்டு முடித்திருந்த நேரத்தில் ஆபீசிலிருந்து போன் வந்து, ஒரு கண்டெய்னர் பத்திரத் தகராறுக்காக அவள் வெளியே போய் நெடுநேரம் கத்திவிட்டு வந்தாள். அதற்குள் அண்ணாச்சி தேங்காய் உடைத்துப் பூசையை முடித்திருந்தார். அவர் கொடுத்த பொரிகடலையைத் தின்று, கையைக் கழுவித் துடைத்துவிட்டு மிச்சத்தைப் போட உட்கார்ந்தாள். வருஷா வருஷம் நடப்பதுதான். அவள் பைக்குள் ஜெபமாலை இருக்கும், துப்பாக்கியில் பொட்டு இருக்கும்; இரண்டும் இதுவரை சண்டை போட்டதில்லை.

தராசைக் கடைசியாக எடுத்தாள். முத்து வியாபாரம் செய்த ஒரு குடும்பம் விற்றபோது அவள் வாங்கிய இரட்டைத் தட்டுத் தராசு. எலெக்ட்ரானிக் தராசு கடல்காற்றுக்கும் கரண்டுக்கும் ஆடிக்கொண்டே இருக்கும், நம்ப முடியாது. இது மூச்சு விட்டாலும் அசையும், ஆனால் பொய் சொல்லாது. ஒரு தட்டில் எடைக்கல்லை வைத்துவிட்டு, மறு தட்டில் மருந்தைக் கொட்டிக்கொண்டே போவது அவள் வழக்கம்.

கல்லை எடுத்து டப்பாவில் வைத்தாள். தட்டுகள் இரண்டும் காலி. முள் நடுவில் நிற்கவில்லை. கல் வைக்கிற தட்டு இறங்கியே இருந்தது.

ஜன்னல் காற்று என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள். ஃபேனை அணைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போதும் இறங்கித்தான் இருந்தது. தட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடியில், கண்ணுக்கே படாத இடத்தில், சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

நகத்தால் சுரண்டினாள். முள் நடுவுக்கு வந்து நின்றது. சுரண்டியதை மறு தட்டில் போட்டு நிறுத்தாள். காய்ந்தபிறகும் இரண்டு உளுந்து எடை இருந்தது. ஈரத்தில் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

பூசை அன்று நடந்ததை நினைத்துப் பார்த்தாள். ஆரம்பிக்கும்போது காலித் தட்டைச் சரிபார்த்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன் பேசிவிட்டு வந்து பார்த்தாளா? பார்க்கவில்லை. கல் தட்டில் அப்படியே இருந்தது, மருந்து டப்பா அப்படியே இருந்தது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு போட்ட தோட்டா ஒவ்வொன்றிலும் இந்தச் சந்தனத்தின் எடைக்கு மருந்து கூடியிருக்கிறது. ஈயக் குண்டாக இருந்தாலே பயப்பட வேண்டிய விஷயம். இது செம்பு.

"அண்ணாச்சி, காரை எடுங்க."

"என்னது?"

"காரை எடுங்கன்னு சொல்லுதேன்லா!"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பிளாரன்ஸ் அவரிடம் சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை.

கார் முத்தையாபுரம் தாண்டுகிறவரை அவள் போனில்தான் இருந்தாள். முத்துச்செல்வியின் போன் அணைந்திருந்தது. போட்டியாளர்கள் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ரேஞ்ச் அதிகாரி தாணுலிங்கத்தின் போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். தேரிக்குள் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. முன்னால் உப்பு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து போயின. அண்ணாச்சி முந்தப் பார்த்தார், எதிரே பஸ் வந்தது, பின்வாங்கினார். அவளுக்கு இறங்கி ஓடலாமா என்றிருந்தது.

"விஷயத்தச் சொல்லும்மா. பிள்ளைக்கு என்ன?"

"தராசுக்குப் பொட்டு வச்சியளா அண்ணாச்சி?"

"வைக்காம? துப்பாக்கிக்கு வச்சேன், பிரஸ்ஸுக்கு வச்சேன், தராசுக்கு விடுவனா? வியாபாரிக்கு அதுல்லா மொத ஆயுதம்."

"எங்கன வச்சிய?"

"கல்லுத் தட்டுக்கு அடியில. எங்க கடையில அப்பா காலத்துலருந்து அப்படித்தான்." அவர் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது. "சரக்குத் தட்டுல வச்சா அந்த எடை வாங்குதவன் தலையில விடியும். கல்லுத் தட்டுல வச்சோம்னா அதுக்கு ஈடா சரக்கு கூடப் போகும். பூசை அன்னைக்கு வாங்குதவனுக்கு ஒரு பொட்டு கூடத்தான் போகட்டுமேன்னு அப்பா சொல்லுவாரு."

கார் பழையகாயலைத் தாண்டியது. முக்காணிப் பாலத்தில் ஏறும்போது அண்ணாச்சியின் கை ஸ்டீயரிங்கில் இறுகியது.

"எம்மா… மருந்து கூடப் போயிருக்கோ?"

"பாதித் தோட்டாவுல போயிருக்கு."

"கூடப் போனா என்ன? குண்டு வேகமாத்தான போகும்?"

"வேகமாப் போறதுக்கு அது வழி விடணும்லா. செம்பு குழல்ல இறுகிரும். முன்னால போக முடியாத வேகம் பின்னால திரும்பும். பின்னால குழல அடைச்சிருக்கது போல்ட்டு. போல்ட்டுக்குப் பின்னால அவ கண்ணு இருக்கு அண்ணாச்சி."

ஆத்தூர்க் கடைகள் தாண்டிப் போயின. பிறகு திடீரென்று கோபம் வந்தது அவருக்கு. பயந்த மனுஷனுக்கு வருகிற கோபம்.

"அப்ப எங்க பூசையத்தான் குத்தம் சொல்லுத? என் பிள்ளைக்கு நானே வெடி வச்சேங்கியா? எத்தன வருசமா பொட்டு வைக்கேன், எந்தத் தராசு யாரக் கொன்னுச்சு?"

"பூசைய யாரு சொன்னா?" அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "எந்திரிச்சுப் போயிட்டு வந்தவ ஒருக்கா காலித் தட்டப் பாத்திருக்கணும். நான் பாக்கல. அவ்வளவுதான் விஷயம். இப்பம் ஓட்டுங்க, சண்டைய திரும்பி வரும்போது போடலாம்."

அவர் ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் தணிந்த குரலில் கேட்டார். "ஒவ்வொரு தோட்டாவா நிறுத்துப் பாத்து, கூடுனதத் தனியா எடுத்துறலாம்லா? மத்தத வச்சு சுடட்டும்."

அதை அவள் கிளப்பிலேயே யோசித்து முடித்திருந்தாள். மருந்து அடைக்கிற வெறும் பித்தளைக் கேஸ்களுக்குள்ளேயே இந்தக் கூடுதலைவிட அதிகமாக எடை வித்தியாசம் இருக்கும். பெட்டியில் எதையும் வரிசையாக அடுக்கவும் இல்லை. எது நல்லது எது கெட்டது என்று இனி கடவுளுக்கே தெரிந்தால்தான் உண்டு.

"முடியாது. பெட்டியோட எடுத்துறணும்."

"அப்ப தேர்வு?"

"போச்சு."

அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார். முருகனை அழைத்தாரா, அவளைத் திட்டினாரா என்று பிளாரன்ஸுக்குத் தெரியவில்லை.

குரும்பூரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. திருச்செந்தூர் வண்டி வரப்போகிறது என்றார்கள். பிளாரன்ஸ் காரிலிருந்து இறங்கி கேட் வரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். பைக்கில் வந்த ஒருவன் குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்து போனான். நாசரேத் வரைக்கும் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள். அவன் காதில் விழவில்லை. மறுபடி தாணுலிங்கத்துக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது. அந்தக் குரலை அறையலாம் போலிருந்தது. வண்டி வந்தது. இவ்வளவு மெதுவாகப் போகிற ரயிலுக்கு எதற்குக் கேட் என்று யோசித்தாள். மாதாவே, அவள் இன்னும் சுட ஆரம்பித்திருக்கக் கூடாது, துப்பாக்கி மாட்டிக்கொண்டு திறக்காமல் போகட்டும், மழை வரட்டும், ஏதாவது வரட்டும். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

கேட் திறந்தபிறகு அண்ணாச்சி ஓட்டிய ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்திருக்க முடியாது. நாசரேத்துக் கடைத்தெருவில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஊர் முடிந்து பனைகள் தொடங்கின. பிறகு தார் ரோடு முடிந்து செம்மண். தேரியின் சிவந்த மணல்மேடுகள் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டது. டமார். சற்றுப் பொறுத்து இரண்டு மூன்று சேர்ந்தாற்போல். ஒவ்வொரு வெடிக்கும் அண்ணாச்சியின் தோள் குலுங்கியது. அது யாருடைய துப்பாக்கி என்று காதால் சொல்ல முடியாது. பிளாரன்ஸ் சொல்ல முயன்றாள், முடியவில்லை.

வாசலில் நின்ற காவலாளி கையை நீட்டினான். கார் நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். தேரி மணலில் கால் புதைந்தது. ஒரு செருப்பு கழன்றது, விட்டுவிட்டாள். தகரக் கூரைக்கு அடியில் வரிசையாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. நாலாவது பாயில் முத்துச்செல்வியின் நீல ஜாக்கெட் தெரிந்தது. அவள் போல்ட்டின் கைப்பிடியை உள்ளங்கையால் மேல்நோக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். அது தட்டித் திறக்கிற சாமான் இல்லை. இரண்டு விரலுக்குத் திறக்க வேண்டியது.

"ஸ்டாப்!" என்று பிளாரன்ஸ் கத்தினாள். "ஸ்டாப்! ஸ்டாப்!"

ரேஞ்சில் ஆபத்தைக் கண்ட யாரும் அந்த வார்த்தையைச் சொல்லலாம். சொன்னால் அத்தனை பேரும் கையை எடுத்தாக வேண்டும். எடுத்தார்கள். சத்தம் சட்டென்று நின்று காற்று மட்டும் கேட்டது. தாணுலிங்கம் முகம் சிவக்க ஓடிவந்தார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த அண்ணாச்சி கயிற்றைத் தாண்டக்கூடாது என்பது ஞாபகம் வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"யாரும்மா ஸ்டாப் சொன்னது? என்ன ஆபத்து?"

"நாலாம் நம்பர். அவ பெட்டியில இருக்க தோட்டா எதுவும் சுடக்கூடாது சார். மருந்து கூடிப்போச்சு."

"யாரு லோடு பண்ணினது?"

"நான்தான்."

"எப்படிக் கூடிச்சு?"

அவள் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. "பாதியில எந்திரிச்சுப் போயிட்டு வந்து தராசச் சரிபாக்கல சார்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். வரக்கூடாது என்று சொல்லியிருந்த அப்பா சட்டையெல்லாம் நனைந்து அங்கே நிற்பதைப் பார்த்து அவள் முகம் மாறியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த தேர்வுக்கு இனி ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தாணுலிங்கம் யாரும் கேட்காமலே சொன்னார். பக்கத்துப் பாயில் படுத்திருந்த பையன் தன்னிடம் இருக்கிற தோட்டாவில் கொஞ்சம் தருகிறேன் என்றான். அது வேறு அளவு, வேறு குண்டு. அவள் துப்பாக்கி அதற்குப் பழகவில்லை. அது அவனுக்கும் தெரியும். மனது கேட்காமல் சொன்னான்.

பிளாரன்ஸ் பாயின் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். சுட்ட கேஸ்களை முத்துச்செல்வி சுட்ட வரிசையிலேயே நிறுத்தியிருந்தாள். முதல் சிலவற்றின் அடிப்பாகம் சரியாக இருந்தது. அதற்கப்புறம் ஒன்று, மருந்தின் அழுத்தத்தில் தேய்த்துவிட்டாற்போல் தட்டையாக. பிறகு நல்லது ஒன்று. பிறகு மறுபடி தட்டை. அப்போதுதான் துப்பாக்கியிலிருந்து எடுத்து வைத்த கடைசிக் கேஸின் பின்பக்கம் கறுத்துப் போயிருந்தது; புகை பின்னால் கசிந்திருக்கிறது. பிளாரன்ஸ் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"போல்ட்டு இறுகிச்சா?"

"ஆமாக்கா. மூணு தடவ. கடைசில சூடா கன்னத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு." முத்துச்செல்வி கன்னத்தைத் தடவினாள். கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

"மொத தடவ இறுகும்போதே நிறுத்திருக்கணும்லா? எத்தன தடவ சொல்லிருக்கேன் உனக்கு? போல்ட்டு இறுகுனா கைய எடுன்னு சொல்லலியா?" என்றாள் பிளாரன்ஸ். அவளைத் திட்டத் தனக்கு என்ன யோக்கியதை என்பது திட்டும்போதே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"வேற யாரு போட்ட தோட்டான்னாலும் நிறுத்திருப்பேன்," என்றாள் முத்துச்செல்வி. சமாதானம் சொல்வதுபோல அல்ல, நடந்ததை நடந்தபடி சொன்னாள். "நீங்க போட்டதுல்லாக்கா. துப்பாக்கில மணல் போயிட்டுன்னு நெனச்சேன். எண்ண போடாம விட்டுட்டனோன்னு நெனச்சேன். என்னையத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

முன்னால் சிவப்பு மணல்மேடும், அதன்மேல் வெள்ளைக் குறிப்பலகைகளும் வெயிலில் நின்றன. நாலாவது பலகையில் முத்துச்செல்வி சுட்டதெல்லாம் நடுவைச் சுற்றி நெருக்கமாக விழுந்திருப்பதாக டெலஸ்கோப்பில் பார்த்த யாரோ சொன்னார்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முத்துச்செல்வியின் இடது கையில் அடுத்துப் போட எடுத்த தோட்டா இருந்தது. விரல்களுக்கு நடுவே செம்பு முனை மினுங்கியது. பிளாரன்ஸ் கையை நீட்டினாள்.

முத்துச்செல்வி உடனே கொடுக்கவில்லை. அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் பிளாரன்ஸ் செய்த தோட்டா எதையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.